ஆறு துறைகள் இறங்கிய குளம்

எங்கள் முதல் அறிக்கையில் ஆறு துறைகளையும் இணைத்தது ஸ்பைரல் பைண்டிங் ஒன்றுதான். வேதியியலுக்கு ஒரு அத்தியாயம், தாவரவியலுக்கு ஒன்று, விலங்கியலுக்கு ஒன்று, புவியியல், பொருளியல், கடைசியாகத் தமிழ். அட்டையில் 'பல்துறை ஆய்வு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். உள்ளே பக்க எண் மட்டும்தான் ஓர் அத்தியாயத்திலிருந்து அடுத்ததற்குத் தடையில்லாமல் போனது.

அந்த அறிக்கை எப்படித் தோற்றது, அதன்பின் அதே குளத்தில் என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பொருளியல் ஆசிரியர். ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது, கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதால். கல்லூரியின் பெயரையும் குளத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. குத்தகைத் தகராறு இன்னும் ஓடுகிறது. அகஸ்தீஸ்வரம் தாலுகா, கோதையாறு பாசனத்தின் கடைமடைப் பகுதி என்பது வரை போதும்.

இடம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பு 1,672 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். இந்த நெருக்கடிக்குள்ளும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் கணக்கில் இருக்கின்றன. இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் என்றாலும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் சேர்ந்த நாஞ்சில் நாட்டின் குளங்கள் மழையை மட்டும் நம்பியவை அல்ல. திருவிதாங்கூர் அரசு 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்த பேச்சிப்பாறை அணையும், பின்னாளில் வந்த பெருஞ்சாணியும் சேர்ந்து, தோவாளைக் கால், அனந்தனாறு, நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு போன்ற கால்கள் (வாய்க்கால்கள்) வழியாக இவற்றை நிரப்புகின்றன. பேச்சிப்பாறையின் உச்ச மட்டம் 48 அடி. இன்றைக்கு எத்தனை அடி என்பதைக் காலைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுத்தான் இங்கே பலர் டீயைக் கையில் எடுப்பார்கள்.

அணை வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறக்கும், பிப்ரவரி கடைசியில் அடைக்கும். இந்த இரண்டு தேதிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. சுசீந்திரம்–தேரூர் வட்டாரத்துக் குளங்களில் சிலவற்றின் பெயர்கள் 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டிலேயே வருகின்றன. பசுங்குளம் அவற்றில் ஒன்று. எங்கள் குளம் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. 2017-ஆம் ஆண்டின் சதுப்புநில விதிகள் பாசனத்துக்கென்றே கட்டப்பட்ட நீர்நிலைகளைத் தம் வரையறையிலிருந்து விலக்கிவிடுகின்றன. ஆக, சட்டத்தின் கண்ணில் இது சதுப்புநிலம் இல்லை. பறவைகள் விதிகளைப் படிப்பதில்லை. டிசம்பரில் வழக்கம்போல வந்து இறங்கின.

எதற்காக இறங்கினோம்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்பதுதான் முதல் காரணம். பல்துறை ஆய்வு இருந்தால் மதிப்பெண் கூடும். இரண்டாவது காரணம் கொஞ்சம் கௌரவமானது. சுற்றுச்சூழலை எல்லா மட்டத்திலும் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை மாணவர்களுக்கு ஒரு பாடத்திட்டம் வகுத்தது. அதில் 8 அலகுகள். எட்டாவது அலகு களப்பணி: பக்கத்திலிருக்கும் ஆற்றையோ காட்டையோ குன்றையோ போய்ப் பார்த்து எழுத வேண்டும். ஆண்டுதோறும் அந்த அலகை நாங்கள் ஒரு கட்டுரையோடு முடித்துவிடுவோம், மாணவர்கள் அதை அண்ணன்மாரின் பழைய ரெக்கார்டிலிருந்து எழுதிவிடுவார்கள். இந்த முறை நிஜமாகவே போகலாம் என்று யாரோ சொன்னார்கள். இயற்பியல் துறை வரவில்லை. மணவாளக்குறிச்சி மணலும் அதிலுள்ள கதிரியக்கக் கனிமமான மோனசைட்டுமே தங்களுக்கு ஆயுசுக்கும் போதும் என்று விட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

முதல் சுற்று

நவம்பர் முதல் ஜனவரி வரை போனோம். கல்லூரிப் பேருந்து குளக்கரையில் நிற்கும்போது மணி பத்தரை ஆகியிருக்கும். ஒவ்வொரு துறையும் தன் வேலையைப் பார்த்தது.

வேதியியலார் படித்துறையிலிருந்து நீர் எடுத்தார்கள். கரைந்த ஆக்சிஜன் நன்றாகவே இருந்தது. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் அதிகபட்சம் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் போல ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். எங்கள் மாதிரிகள் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. நீரிலுள்ள அழுகலைச் சிதைக்க நுண்ணுயிர் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று பார்க்கும் பி.ஓ.டி. சோதனையையும், இந்தியத் தரமுறையில் உள்ளபடி 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துச் செய்தார்கள். முடிவு: 'நீரின் தரம் ஏற்கத்தக்கது'.

புவியியலார் ஊர்ப்பக்கமே அதிகம் வரவில்லை. சென்டினல்-2 செயற்கைக்கோளின் 10 மீட்டர் படங்களை வைத்து நீர்ப்பரப்பு வரைபடம் போட்டார்கள். முடிவு: 'குளத்தின் பெரும்பகுதி மறைந்துவிட்டது'.

விலங்கியலார் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நீலத் தாழைக்கோழியும் எண்ணிக்கொண்டு வந்தார்கள். தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழிதான் அவர்களுக்குப் பெருமை. முடிவு: 'வளமான வாழிடம்'. தாவரவியலார் அதே தாமரையையும் ஓரத்து ஆகாயத்தாமரையையும் பார்த்து 'மிகையூட்டத்தால் பாதிக்கப்பட்டது' என்றார்கள், அதாவது நீரில் சத்து மிஞ்சிக் களை பெருகிவிட்டது என்று. நாங்கள், பொருளியல்காரர்கள், வினாத்தாளோடு வீடு வீடாக ஏறி இறங்கி, விவசாயிக்கும் நஷ்டம், மீன் குத்தகைக்காரருக்கும் நஷ்டம் என்று எழுதினோம். தமிழ்த்துறை மாணவர்கள் மடை, மறுகால், ஓடை, கால், தூம்பு என்று சொற்களைத் திரட்டி அகர வரிசைப்படுத்தினார்கள். அதைப் பின்னிணைப்பில் போட்டோம். பின்னிணைப்பு என்றால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று பொருள்.

ஆக, ஒரே குளம் ஒரே நேரத்தில் ஏற்கத்தக்கதாகவும், மறைந்துபோனதாகவும், வளமானதாகவும், பாதிக்கப்பட்டதாகவும் இருந்தது. பைண்டிங் ஆகி வரும்வரை இது எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அடுத்தவர் அத்தியாயத்தை யார் படித்தார்கள்?

கரையில் நடந்த கூட்டம்

பிப்ரவரி கடைசியில், பாசன சபைக்காரர்களுக்கு அறிக்கையை வாசித்துக்காட்டக் கரையிலுள்ள அரசமரத்தடியில் கூடினோம். ஒரு மணி நேரம் வாசித்தோம். சபையின் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி சார், குளம் பொழைக்குமா சாவுமா? ஒத்த வரியில சொல்லுங்க" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மடை பார்க்கும் பெரியவர் ஒருவர் கூட்டத்துக்குப் பின்னால் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். எங்கள் மாணவி ஒருத்தியிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது: "மக்களே, நீங்க வெயில் ஏறுன பொறவு வாரிய. மீனுக்கு மூச்சு முட்டுகது கோழி கூவையில. அப்ப வந்து பாருங்க."

"எத்தனை மணிக்கு பாட்டா?"

"மணி எனக்குத் தெரியாது. கொக்கு எழும்பதுக்கு முன்ன."

வேதியியல் துறையின் இளம் ஆசிரியர் முகம் மாறியதைப் பார்த்தேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம்தான் அது. பகலில் நீருக்குள் இருக்கும் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜன் விடும். இரவில் பாசி, மீன், சேற்றின் நுண்ணுயிர் எல்லாமே சுவாசித்து அதைத் தீர்க்கும். சேமிப்பு அடிமட்டத்துக்கு வருவது விடியலுக்குச் சற்று முன். இதை வகுப்பில் வரைபடம் போட்டு நடத்துபவர், பத்தரை மணிப் பேருந்துக்கு ஏற்றபடி மாதிரி எடுத்திருக்கிறார். நாங்கள் அளந்தது குளத்தை அல்ல, எங்கள் கால அட்டவணையை.

வெள்ளைப் படிவு

மார்ச் இரண்டாவது வாரம். அணை அடைத்து, கால்களில் நீர் நின்றிருந்தது. அதிகாலை ஐந்து மணிக்கு இரண்டு இருசக்கர வாகனங்களில் ஐந்து பேர் போனோம், சட்டத்துக்குப் புறம்பாகத்தான். வள்ளம் மீன் குத்தகைக்காரருடையது. தாமரை இலைகளை விலக்கிக்கொண்டு நடுக்குளத்துக்குப் போனோம்.

விங்க்லர் முறை 19-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்தது, இன்றைக்கும் களத்தில் அதற்கு நிகரில்லை. 300 மில்லிலிட்டர் கண்ணாடிப் பாட்டிலை நீருக்குள் அமிழ்த்தி, ஒரு குமிழ்கூட இல்லாமல் நிரப்ப வேண்டும். பிப்பெட்டின் நுனியை நீருக்குள் விட்டு மாங்கனஸ் சல்பேட், அடுத்து அல்கலி-அயோடைடு-அசைடு. மூடியைப் போட்டுத் தலைகீழாக ஆட்ட வேண்டும். நீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் படிவு சுழன்று இறங்கும், காப்பிப் பொடி கரைந்தாற்போல. அதன்பின் ஆய்வகத்தில் அமிலம் விட்டு, ஸ்டார்ச் சேர்த்து, நீலம் போகும்வரை தையோசல்பேட் சொட்டவிட்டு எண் எடுப்பார்கள். ஆனால் எண் தேவைப்படாத ஒரு நிலை உண்டு. படிவு வெள்ளையாகவே இறங்கினால் ஆக்சிஜன் இல்லை.

டார்ச் வெளிச்சத்தில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள் அந்த மாணவி. மோர் திரிந்தாற்போல வெள்ளை. திரும்ப எடுத்தோம், வெள்ளை. தாமரை அடர்த்தியில்லாத கிழக்கு மூலையில் எடுத்தபோது வெளிறிய பழுப்பு. வள்ளத்தைச் சுற்றி கட்லாவும் ரோகுவும் வாயை மேலே தூக்கிக் கப்கப்பென்று காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. விராலுக்கு இந்தத் தொல்லையில்லை, அது நேராகவே காற்றைச் சுவாசிக்கும். குத்தகைக்காரர் விட்ட குஞ்சுகளில் கட்லா செத்து விரால் தங்குவது ஏன் என்ற எங்கள் வினாத்தாளின் 14-ஆம் கேள்விக்கு அப்போதுதான் விடை கிடைத்தது.

அன்றைக்கு மத்தியானம் அதே இடத்தில் மறுபடி எடுத்தோம். பழுப்பு.

எங்கள் எண்களை இங்கே தரவில்லை. ஒரு குளம், ஒரு கோடை, சில டஜன் பாட்டில்கள். வகுப்பறைக்குப் போதும், அச்சுக்குப் போதாது. படிவின் நிறத்தை மட்டும் கண்ணால் பார்த்தது என்ற உரிமையில் சொல்கிறேன்.

மறைந்த குளம்

வள்ளத்தில் புவியியல் ஆசிரியரும் இருந்தார். இலைகளுக்கு நடுவே போகும்போது அவர் திடீரென்று சிரித்தார். நீர்ப்பரப்பைக் கண்டுபிடிக்க அவர்கள் பயன்படுத்திய குறியீடு பச்சை ஒளியையும் அண்மை அகச்சிவப்பையும் ஒப்பிடுவது. நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும், இலை அதை அள்ளித் திருப்பி அனுப்பும். ஆகவே தாமரை மூடிய இடமெல்லாம் கணினிக்கு நிலம். குளம் பறிபோகவில்லை, பூத்திருந்தது. அடுத்த மாதம் தாமரைக் குத்தகைக்காரர் ஒரு பகுதியை அறுத்து எடுத்த பிறகு வந்த படத்தில் அந்தப் பகுதி 'மீண்டுவந்தது'.

இதனால் ஆக்கிரமிப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கரையோரம் கைப்பேசி ஜி.பி.எஸ். போட்டு நடந்தபோது, ஒரு பக்கத்தில் தென்னை குளத்துக்குள் நின்றது. இன்னொரு பக்கம் கரை அகலமாகிச் சாலையாகியிருந்தது. ஆனால் செயற்கைக்கோள் சொன்ன பெரிய இழப்பு வேறு, கால் நடந்து கண்ட இழப்பு வேறு. முதல் அறிக்கையை அப்படியே யாராவது நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு தாமரைப் பூவைக் காட்டி வழக்கை முடித்திருப்பார்.

தாவரவியலார் தாமரைக்கும் வெள்ளைப் படிவுக்கும் உள்ள தொடர்பைச் சொன்னார்கள். மிதக்கும் இலை தன் ஆக்சிஜனைக் காற்றில் விடுகிறது, நீரில் அல்ல. கீழே நிழல் போட்டு, நீருக்குள் ஆக்சிஜன் தரும் பாசியையும் ஒடுக்குகிறது. ஆகாயத்தாமரையும் இதையே செய்யும். ஆனால் தாமரை இந்தக் குளத்தில் என்றைக்கும் உண்டு என்றார் பெரியவர். அப்படியானால் இப்போது மட்டும் ஏன் மீன் மேலே வருகிறது?

மூங்கிலும் பெயிண்ட் டப்பா மூடியும்

இதற்கு விடை சேற்றில் இருந்தது. ஆழம் அளக்க இரண்டு மூங்கில் கழிகள் வைத்திருந்தோம். ஒன்றின் நுனியில் பெயிண்ட் டப்பா மூடியை ஆணியடித்தோம். அது சேற்றின் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். மற்றது கூர்முனை, கெட்டித் தரை தட்டும்வரை இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேற்றின் கனம். மொத்தச் செலவு ஓர் ஆணி. நடுக்குளத்தில் கூர்முனைக் கழி இறங்கிக்கொண்டே போனது. அதைப் பிடித்திருந்த மாணவன் தோள்வரை நனைந்தான்.

பி.வி.சி. குழாயை அடித்து இறக்கி எடுத்த சேற்றுத் தண்டைக் கரையில் சாக்கு விரித்து நெடுக்கில் வெட்டிப் பார்த்தோம். மேலே கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம், மக்காத இலைக்காம்புகள். அதன் கீழே சாம்பல் களிமண், அதில் துரு நிறப் புள்ளிகள். மண்ணில் இருக்கும் இரும்பு நீரில் மூழ்கியே இருந்தால் சாம்பல் நிறமாகும், காற்றுப் பட்டால் துருவேறும். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்த மண்ணில்தான் இந்தப் புள்ளிகள் வரும். மேலிருந்த கறுப்பில் ஒரு புள்ளிகூட இல்லை.

அதாவது இந்தக் குளம் முன்பு காய்ந்துகொண்டிருந்தது. இப்போது காய்வதில்லை. சேர்ந்துபோன அழுகல் இரவில் நீரின் ஆக்சிஜனைத் தின்கிறது.

இந்த இடத்தில்தான் தமிழ்த்துறையின் பின்னிணைப்பு முன்னால் வந்தது. நாஞ்சில் நாட்டின் இரண்டு நெல் போகங்களுக்குப் பெயர் கன்னிப்பூ, கும்பப்பூ. மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டுக் கணக்கில் கன்னி மாத அறுவடை ஒன்று, கும்ப மாத அறுவடை மற்றது. 1956 வரை திருவிதாங்கூரிலும் பின்பு திருவிதாங்கூர்–கொச்சியிலும் இருந்த மாவட்டம் இது, பெரியவர்கள் வாயில் மேடம், இடவம் என்ற மாதப் பெயர்கள் இன்றும் புழங்குகின்றன. கும்பம் என்பது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. கும்பப்பூ அறுத்தால் வயலுக்கு நீர் வேண்டாம், அணையும் அடைத்தாகிவிட்டது. மிச்ச நீரை மடையில் விட்டுவிடுவார்கள். அடுத்து வரும் மீனத்திலும் மேடத்திலும், அதாவது மே நடுவரை, குளத்தின் ஓரங்கள் வெடித்துக் கிடக்கும். அப்போது வண்டி கட்டி வண்டலை வயலுக்கு அடிப்பார்கள். ஆகாயத்தாமரை வேரோடு கருகும். சேற்றிலிருந்த அழுகல் காற்றுப் பட்டு எரிந்துபோகும். ஜூனில் கால் திறந்ததும் புது நீர் பழைய சேற்றின்மேல் அல்லாமல் காய்ந்த தரையின்மேல் நிற்கும்.

அகர வரிசையில் 'கும்பப்பூ' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நாங்கள் எழுதியிருந்த விளக்கம்: 'ஒரு நெல் போகம்'.

யார் காயவிடவில்லை

இது எங்கள் துறையின் பங்கு, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு நீளமான சார்ட் தாளில் பன்னிரண்டு மாதங்களைக் கோடு போட்டு, எல்லாரும் தங்கள் தேதிகளை அதே தாளில் எழுத வேண்டும் என்றேன். அணை திறப்பு, அடைப்பு. நடவு, அறுவடை. மீன் குஞ்சு விடுவது, பிடிப்பது. தோவாளைப் பூச்சந்தையில் தாமரைக்கு விலை ஏறும் நாட்கள். பறவைகள் வருவது, போவது. இலைக்கோழி முட்டையிடுவது. கிணறுகள் இறங்குவது. எங்கள் ஆய்வின் ஆறு அத்தியாயங்களும் முதன்முதலாக ஒரே பரப்பில் வந்து உட்கார்ந்தது அந்தச் சார்ட் தாளில்தான். அது இன்னும் என் அறையில் தொங்குகிறது, மேலே ஒருவர் டீ கொட்டிய கறையோடு.

அதில் தெரிந்தது இது. குளத்து நீர் பாயும் நிலமான ஆயக்கட்டில் முன்பு முழுக்க நெல். எல்லா வயலுக்கும் ஒரே நாளில் நீர் வேண்டாமல் போகும், குளம் காயும். இப்போது நெல் சுருங்கிவிட்டது. இடையிடையே வாழை, தென்னை, வீட்டுமனை. வாழைக்கு மார்ச், ஏப்ரலில்தான் தாகம் அதிகம். மீன் குத்தகைக்காரருக்குக் கோடை முழுக்க நீர் நிற்க வேண்டும். தாமரைக்காரருக்கும் அப்படியே. கரையோர வீடுகளுக்குக் கிணற்றில் நீர் வேண்டும். முன்பு குளத்தைக் காயவைக்க எல்லாருக்கும் காரணம் இருந்தது. இப்போது நிரப்பியே வைக்க எல்லாருக்கும் காரணம் இருக்கிறது. விவசாயிக்கும் குத்தகைக்காரருக்கும் சண்டை என்று நாங்கள் முதலில் எழுதியது பாதி உண்மை. அவர்கள் பூவையும் மீனையும் பற்றிச் சண்டையிட்டார்கள், மடையை மூடிவைப்பதில் ஒன்றாக நின்றார்கள்.

நிரம்பிய குளம்தான் நல்ல குளம் என்று எங்களில் யாருமே சந்தேகப்பட்டதில்லை. கல்லூரிச் சுற்றுச்சூழல் மன்றத்தின் சுவரொட்டியிலும் விளிம்புவரை நீர் ததும்பும் குளம்தான். காய்வதும் பராமரிப்பில் ஒரு பகுதி என்பதை எந்தத் துறையும் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. வேதியியல் நோயைக் கண்டது, சேறு காலத்தைச் சொன்னது, சொல் வழக்கத்தைச் சொன்னது, பொருளியல் காரணத்தைச் சொன்னது.

விலங்கியலாருக்கு முதலில் கோபம். குளத்தை வற்றவைக்கப் பரிந்துரைக்கும் சுற்றுச்சூழல் ஆய்வா? ஆனால் சார்ட் தாள் அவர்களுக்கும் ஒன்றைக் காட்டியது. வலசை வரும் பறவைகளில் பெரும்பாலானவை மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும். இலைக்கோழி முட்டையிடுவது ஜூன் தொடங்கி. நடுவில் இருக்கும் வாரங்களில் தாமரையின் ஒரு பகுதியை அகற்றினால் கூடு கலையாது. நீர் இறங்கிய ஓரங்களில் உள்ளான்கள் இரை தேடும். முழுக்க வற்றக்கூடாது என்று அவர்கள் கேட்டதும் சரி, பள்ளமான பகுதியில் நீர் நிற்க வேண்டும். ஒரே கால்வழியில் உள்ள குளங்களை ஒரே ஆண்டில் இறக்கக்கூடாது, முறை வைத்து இறக்கலாம் என்பதும் அவர்கள் சேர்த்தது. இரண்டாம் அறிக்கையின் நல்ல பத்தி அதுதான்.

என்ன நடந்தது

இரண்டாம் அறிக்கை 19 பக்கம். அத்தியாயங்கள் துறை வாரியாக இல்லை, மாத வாரியாக. பரிந்துரை ஒன்றே ஒன்று: மீன், தாமரை இரண்டின் குத்தகைக் காலமும் கும்பப்பூ அறுவடையோடு முடிந்து, கால் திறந்தபின் தொடங்கட்டும். இடைப்பட்ட வாரங்களில் குளம் யாருடைய குத்தகையிலும் இல்லாமல் இருக்கட்டும், மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது. வாழைக்காரர்களுக்கு அந்த ஆண்டு என்ன வழி என்பதற்கு எங்களிடம் திருப்தியான பதில் இல்லை. பக்கத்துக் குளத்திலிருந்து நீர் என்று எழுதினோம். பக்கத்துக் குளத்து ஆயக்கட்டுக்காரரைக் கேட்காமல் எழுதினோம்.

அறிக்கையை உரிய அலுவலகத்தில் கொடுத்தோம், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டுத் தந்தார்கள். அந்த ஆண்டு குத்தகை பழையபடியே ஏலம் போனது. தரமதிப்பீட்டுக் குழு வந்தபோது முதல் அறிக்கையைத்தான் புரட்டிப் பார்த்தது. அது தடிமனாக இருந்தது, வண்ணப் படங்களும் உண்டு.

மறு ஆண்டு கோடையில் மடைப் பலகை பழுதாகி, சரிசெய்ய வேண்டி நீரை இறக்கினார்கள். எங்கள் பரிந்துரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேற்கு ஓரம் மூன்று வாரம் காய்ந்தது. ஆகாயத்தாமரை சருகாகிக் கிடந்தது. நான்கைந்து பேர் வண்டல் அடித்தார்கள். நெடுங்கால் உள்ளான்கள் வந்திருந்ததாக விலங்கியல் மாணவன் ஒருவன் படம் அனுப்பினான். கால் திறந்தபின் விடியலில் அந்த ஓரத்தில் படிவு என்ன நிறம் என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஜூனில் மாணவர் சேர்க்கை.

இதுதான் இந்த ஆய்வின் பெரிய ஓட்டை, அதை மறைக்க விரும்பவில்லை. குளத்தின் நெருக்கடி மார்ச் முதல் மே வரை. கல்லூரியில் அது தேர்வும் விடைத்தாள் திருத்தமும் விடுமுறையும். நவம்பரில் எங்களிடம் ஆள் இருக்கும், அப்போது குளத்துக்கு ஒரு நோயும் இருக்காது.

ஆகவே மடைக் கல்லில் அடிக்கணக்கு வர்ணத்தில் வரைந்து, பெரியவரிடம் ஒரு நீளநோட்டைக் கொடுத்தோம். நீர்மட்டம், மீன் மேலே வந்ததா இல்லையா, அவ்வளவு எழுதினால் போதும் என்றோம். தேதிப் பத்தியை நாங்களே கோடு போட்டுக் கொடுத்தோம். ஆங்கில மாதங்களை அச்சடித்திருந்தோம். அவர் அவற்றை அடித்துவிட்டு மேலே மீனம், மேடம் என்று எழுதிக்கொண்டார். புவியியல் ஆசிரியர் இப்போது கொல்லம் ஆண்டு நாட்காட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அதைக் கணினியில் ஏற்றுகிறார்.

சென்ற வாரம் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பெரும்பாலான நாட்கள் ஒற்றை வரி: மட்டம், 'மீன் வந்தது', 'வரவில்லை'. மேடம் 3-க்கு நேரே மட்டம் எழுதி, பக்கத்தில் 'பிள்ளைகள் வருவதாகச் சொன்னார்கள். வரவில்லை' என்று இருந்தது. அன்று பல்கலைக்கழகத் தேர்வு.